டாக்டர் டேட் குடுத்தாச்சு, அடுத்தது லீவுக் கணக்கு

மதுரைப் பக்கம் ஏழாம் மாதமோ ஒன்பதாம் மாதமோ வளைகாப்பு போட்டுப் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்துப் போவது வழக்கம். தலைப்பிரசவம் உசிலம்பட்டியிலோ மேலூரிலோ பரமக்குடியிலோ அம்மா வீட்டில்தான். ஏழாம் மாதம் என்றால் ஏறக்குறைய 28ஆவது வாரம். சம்பளத்தோடு கூடிய பேறுகால விடுப்பைச் சட்டம் திறந்துவிடுவது டாக்டர் குடுத்த பிரசவத் தேதிக்கு எட்டு வாரம் முன்பு, அதாவது 32ஆவது வாரத்தில். ஏழாம் மாதமே மூட்டை கட்டினால் நடுவில் நாலு வாரம் யார் கணக்கிலும் வராது. ஈட்டிய விடுப்பு கையிருப்பில் இருந்தால் அதில் கழிக்கலாம். இல்லாவிட்டால் சம்பளம் போகும். கர்ப்பத்தால் வந்த உடல்நலக் குறைவு என்று டாக்டர் சான்று தந்தால், 26 வாரத்துக்கு மேல் ஒரு மாதம் வரை சம்பளத்தோடு விடுப்பு உண்டு. அதை இங்கே செலவழிப்பதா, பிள்ளை பிறந்தபின் தேவைப்படலாம் என்று வைத்திருப்பதா என்பதை யோசித்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

மெட்டர்னிட்டி லீவு விஷயத்தில் பெண்கள் பணத்தை இழப்பது பெரும்பாலும் சட்டத்தில் உரிமை இல்லாததால் அல்ல. தேதி தவறுவதாலும் காகிதம் கையில் இல்லாததாலும்தான். ஆகவே இந்தக் கட்டுரை முழுக்கத் தேதிகளும் காகிதங்களும்.

எந்தச் சட்டம்

1961ஆம் ஆண்டின் மகப்பேறு பயன்கள் சட்டம் நெடுங்காலம் நடப்பில் இருந்தது. 12 வாரம் என்றிருந்ததை 26 வாரமாக்கியது 2017ஆம் ஆண்டுத் திருத்தம். 2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் தொகுப்புச் சட்டங்கள் நடைமுறைக்கு வந்தபோது, இந்தச் சட்டம் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம், 2020க்குள் போய்விட்டது. அதன் ஆறாம் அத்தியாயம், பிரிவு 59 முதல் 72 வரை. உரிமைகள் பெரும்பாலும் அப்படியே இருக்கின்றன. “அந்தச் சட்டமே போயிருச்சும்மா” என்று ஹெச்.ஆர். யாராவது சொன்னால் பிரிவு எண்ணைக் காட்டினால் போதும்.

மாறியது ஒன்று உண்டு: சம்பளத்தின் வரையறை. பழைய சட்டத்தில் வீட்டு வாடகைப்படி உட்பட ரொக்கப் படிகள் எல்லாம் கணக்கில் சேர்ந்தன. புதியதில் அடிப்படைச் சம்பளமும் அகவிலைப்படியும்தான் முதலில் வரும். வாடகைப்படி, பயணப்படி முதலியவை வெளியே நிற்கும். வெளியே நிற்பவை மொத்தத்தில் பாதியைத் தாண்டினால், தாண்டிய பகுதி மட்டும் திரும்ப உள்ளே சேரும். அடிப்படையைக் குறைத்து மற்றதைப் படிகளாகப் பிரித்துப் போடும் நிறுவனங்களில் வேலை பார்ப்பவர்கள் சம்பளச் சீட்டை எடுத்து இப்போதே இந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பது நல்லது. நியமனக் கடிதத்திலோ கம்பெனி விதிகளிலோ இதைவிட நல்ல ஏற்பாடு இருந்தால் அதைக் கேட்டு வாங்கலாம்.

காசு யார் கொடுப்பது

குழப்பமெல்லாம் இங்கேதான். தனியார் வேலையில் இரண்டு கைகளில் ஒன்றிலிருந்து காசு வரும்: ஒன்று இ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் அரசுக் காப்பீடு, இன்னொன்று முதலாளி. இரண்டுக்கும் நடுவில் பெண்ணை அலையவிடுவது பழைய தந்திரம்.

பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை இருந்தால் இ.எஸ்.ஐ. உண்டு. மாற்றுத்திறனாளிக்கு இந்த வரம்பு 25,000. கப்பலூர், புதூர் சிட்கோ கம்பெனிகள், வாடிப்பட்டிப் பக்கத்து நூற்பாலைகள், மாசி வீதி ஜவுளிக்கடைகள், தனியார் ஆஸ்பத்திரிகள் எல்லாம் இதில் வரும். தமிழ்நாட்டில் தனியார் பள்ளி, கல்லூரிகளும் வரும். தொழிலாளி சம்பளத்தில் 0.75 சதவீதம் பிடித்தம், முதலாளி பங்கு 3.25 சதவீதம். மாதம் 15,600 வாங்குபவருக்குப் பிடித்தம் 117 ரூபாய். அந்த 117 ரூபாய்க்குப் பின்னால்தான் 26 வாரச் சம்பளம் நிற்கிறது. ஆகவே சம்பளச் சீட்டில் அந்த வரி இருக்கிறதா என்பதை மட்டும் பார்த்தால் போதாது. பிடித்த பணம் இ.எஸ்.ஐ. கணக்கில் உங்கள் காப்பீட்டு எண்ணில் ஏறியிருக்கிறதா என்பதை இணையதளத்தில் மாதாமாதம் பார்க்க வேண்டும். ஒவ்வொரு மாதப் பணமும் அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள் கட்டப்பட வேண்டும். கட்டாத முதலாளியால் ஒரு பெண் பயனை இழக்கும் நிலை வந்தால், இ.எஸ்.ஐ. கழகமே கொடுத்துவிட்டு முதலாளியிடம் வசூலித்துக்கொள்ளச் சட்டத்தில் இடம் உண்டு. ஆனால் அதற்கு நீங்கள் அங்கே வேலை செய்தீர்கள் என்று காட்ட வேண்டும்: சம்பளச் சீட்டு, வருகைப் பதிவு, வங்கியில் சம்பளம் ஏறிய வரி, ஏதாவது ஒன்று.

இ.எஸ்.ஐ.யில் தகுதி பெற, பிரசவம் நடக்கும் பயன் காலத்துக்கு முந்தைய இரண்டு பங்களிப்புக் காலங்களில் 70 நாளுக்காவது பங்களிப்பு இருக்க வேண்டும். பங்களிப்புக் காலம் ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஒன்று, அக்டோபர் முதல் மார்ச் வரை ஒன்று. முதலாவதற்கான பயன் காலம் அடுத்த ஜனவரி முதல் ஜூன் வரை. இரண்டாவதற்கானது ஜூலை முதல் டிசம்பர் வரை. கட்டிய பணம் பயனாகத் திரும்பச் சில மாதம் பிடிக்கும் என்பதுதான் இதன் பொருள்.

ஒரு கணக்கைக் கடைசிவரை போட்டுப் பார்ப்போம். ஒரு பெண் 2026 ஏப்ரல் 1 அன்று ஒரு மில்லில் முதன்முறையாக வேலைக்குச் சேர்கிறார். நாள் கூலி 600. டாக்டர் குடுத்த தேதி 2026 அக்டோபர் 10. அவருடைய ஏப்ரல்–செப்டம்பர் பங்களிப்புக்கான பயன் 2027 ஜனவரியில்தான் தொடங்கும். அக்டோபர் பிரசவத்துக்கு இ.எஸ்.ஐ. “தகுதி இல்லை” என்று சொல்லும். அது சரிதான். மில் ஆபீசில் கேட்டால், “நாங்கதான் இ.எஸ்.ஐ. கட்டுறோமே, அங்க போய்க் கேளும்மா” என்பார்கள். அது சரியல்ல. இ.எஸ்.ஐ.யில் தகுதி வரும்வரை முதலாளியின் பொறுப்பு தொடரும் என்று சட்டம் நேராகவே சொல்கிறது. பழைய சட்டத்தில் 5ஏ பிரிவு, புதியதில் 61. முதலாளியிடம் கேட்க வேண்டிய தகுதி வேறு: பிரசவத் தேதிக்கு முந்தைய 12 மாதத்தில் 80 நாள் வேலை. ஏப்ரலிலிருந்து ஆகஸ்ட் பாதிவரை வாரம் ஆறு நாள் வந்தாலே நூறைத் தாண்டிவிடும். சம்பளத்தோடு கூடிய விடுமுறை நாட்களும், வேலையில்லை என்று கம்பெனி திருப்பி அனுப்பிய நாட்களும் அந்த 80இல் சேரும்.

புதிதாகச் சேர்ந்த பெண்கள் விட்டுவிடும் காசு பெரும்பாலும் இந்த இடுக்கில்தான் விழுகிறது. இ.எஸ்.ஐ. “இல்லை” என்று சொன்னதை எழுத்தில் வாங்குங்கள். அதே காகிதம்தான் முதலாளியிடம் போகும்போது ஆதாரம்.

சம்பளம் 21,000ஐத் தாண்டியவர்களுக்கும் முதலாளிதான் கொடுக்க வேண்டும், 80 நாள் தகுதி போதும். பங்களிப்புக் காலத்தின் நடுவில் சம்பளம் உயர்ந்து வரம்பைத் தாண்டினால் அந்தக் காலம் முடியும்வரை இ.எஸ்.ஐ. தொடரும். உயர்வு வந்த மாதமே பிடித்தத்தை நிறுத்துவது தவறு.

எந்தத் தேதியிலிருந்து எழுதுவது

மொத்தம் 26 வாரம், 182 நாள். அதில் பிரசவத்துக்கு முன்பு அதிகம் போனால் எட்டு வாரம். எட்டையும் முன்பே எடுத்தாக வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. இரண்டு வாரம் முன்பு நின்றாலும் மொத்தம் 26 தான், மீதியெல்லாம் பிள்ளையோடு. பிரசவத்துக்குப் பிறகு ஆறு வாரம் மட்டும் யாரும் வேலை வாங்கக் கூடாது, அவரே வருகிறேன் என்றாலும் கூடாது.

நம் கணக்கில் அக்டோபர் 10க்கு எட்டு வாரம் முன்பு என்றால் ஆகஸ்ட் 15. அது சுதந்திர தினம், எப்படியும் சம்பளத்தோடு விடுமுறை. மறுநாள் ஞாயிறு, வார விடுமுறை. விண்ணப்பத்தில் 17ஆம் தேதி திங்கள் என்று எழுதினால் 182 நாள் 2027 பிப்ரவரி 14 வரை ஓடும். திரும்பச் சேர வேண்டியது 15ஆம் தேதி. அவசரப்பட்டு 15 ஆகஸ்ட் என்று எழுதிக் கொடுத்தால் பிப்ரவரியில் இரண்டு நாள் போச்சு. அற்பம்தான், ஆனால் கைக்குழந்தையோடு இருப்பவருக்கு இரண்டு நாள் இரண்டு நாள்தான்.

ஏற்கெனவே இரண்டு குழந்தைகள் உயிரோடு இருந்தால் அடுத்த பிரசவத்துக்கு 12 வாரம், அதில் முன்னே ஆறு. மூன்றாவதற்கு லீவே கிடையாது என்பது தவறு, அளவுதான் குறைகிறது. எண்ணப்படுவது குழந்தைகள், பிரசவங்கள் அல்ல. முதல் பிரசவத்தில் இரட்டை என்றால் அதற்கு 26 வாரம், அடுத்த பிரசவத்துக்கு 12.

சொல்லச் சங்கடமான ஒன்றையும் சொல்லியாக வேண்டும். 26ஆவது வாரம் முடிவதற்குள் கரு கலைந்தால் அது கருச்சிதைவு. சட்டப்படி செய்யும் கருக்கலைப்புக்கும் இதே அளவு: சம்பளத்தோடு ஆறு வாரம். அதற்குப் பிறகு குழந்தை இறந்து பிறந்தால் அது பிரசவம். இறந்து பிறந்த குழந்தையையும் சட்டம் குழந்தை என்றே கொள்கிறது. முழு விடுப்பும் உண்டு. இந்த வித்தியாசம் தெரியாமல் ஆறு வாரத்தில் திரும்ப வரச் சொல்கிறார்கள். டிஸ்சார்ஜ் சம்மரியில் கர்ப்பத்தின் வாரக் கணக்கு எழுதியிருக்கிறதா என்று வீட்டில் யாராவது ஒருவர் பார்த்து வாங்க வேண்டும். அந்த நேரத்தில் அந்தப் பெண்ணால் அது முடியாது. குடும்பக் கட்டுப்பாட்டு அறுவைக்கு இரண்டு வாரம் தனியாக உண்டு.

ஞாயிற்றுக்கிழமையும் நாள்தான்

முதலாளி தரும் பணம் எப்படி வருகிறது? விடுப்பு தொடங்குவதற்கு முந்தைய மூன்று மாதத்தில் வேலை செய்த நாட்களுக்குச் சேர வேண்டிய சம்பளத்தின் சராசரி. நம் மில் பெண்ணுக்கு மே, ஜூன், ஜூலையில் 78 நாள் வேலை என்று வைத்துக்கொண்டால் 46,800. அதை 78ஆல் வகுத்தால் 600. வேலை செய்த நாளால் வகுப்பதால், நடுவில் வாந்தி மயக்கமென்று சில நாள் கூலியில்லாமல் வீட்டில் இருந்தாலும் சராசரி குறையாது. ஆனால் கம்பெனிக் கணக்கர் 90ஆல் வகுத்து 520 என்று காட்டக்கூடும். அந்த ஒரு வகுத்தலில் நாளுக்கு 80 ரூபாய், மொத்தத்தில் 14,560 ரூபாய் போகும்.

182 நாளுக்கு 600 வீதம் 1,09,200. அங்கேயும் கத்தரி வைக்கும் வழி ஒன்று உண்டு: “ஞாயித்துக்கிழமை கூலி கிடையாதே, அத எப்படிக் குடுக்கிறது?” என்று 26 ஞாயிறுகளைக் கழித்து 156 நாளுக்கு 93,600 என்பது. 15,600 ரூபாய் வித்தியாசம். இந்தக் கேள்விக்கு உச்ச நீதிமன்றம் 1977லேயே பதில் சொல்லிவிட்டது. பி. ஷா வழக்கு என்பார்கள். கோவைத் தொழிலாளர் நீதிமன்றத்திலிருந்து போனது. அப்போது விடுப்பு 12 வாரம். ஒரு தோட்டத் தொழிலாளிக்குப் பன்னிரண்டு ஞாயிறுகளைக் கழித்து 72 நாளுக்கு மட்டும் கொடுத்தார்கள். வாரம் என்றால் ஞாயிறும் சேர்ந்த ஏழு நாள், கூலியில்லாத ஞாயிறுக்கும் கொடுத்தாக வேண்டும் என்பது தீர்ப்பு. நம் பக்கத்து எஸ்டேட் பெண்ணால் வந்த தீர்ப்பு இந்தியா முழுக்க இன்னமும் செல்லுபடியாகிறது. ஆனால் பக்கத்தில் இருக்கும் மில்லில் அது தெரிவதில்லை.

பணம் இரண்டு தவணையில் வரும். கர்ப்பத்துக்கான சான்றைக் கொடுத்ததும் பிரசவத்துக்கு முந்தைய பகுதியை முன்பணமாகத் தர வேண்டும்: ஆகஸ்ட் 17 முதல் அக்டோபர் 9 வரை 54 நாள், 32,400. குழந்தை பிறந்ததற்கான சான்றைக் கொடுத்த 48 மணி நேரத்துக்குள் மீதி: 128 நாள், 76,800. “பாதி இப்ப, பாதி திரும்ப வேலைக்கு வந்ததும்” என்று ஏற்பாடு செய்யச் சட்டத்தில் இடமே இல்லை. திரும்ப வந்து ஓராண்டு வேலை பார்ப்பேன் என்று பத்திரம் எழுதி வாங்குவதற்கும் இல்லை. பிரசவத்துக்கு முன்னும் பின்னும் இலவச மருத்துவ வசதியை முதலாளி செய்து தராவிட்டால் மருத்துவ போனஸ் என்று 3,500 ரூபாய் தனியாக உண்டு. கேட்காதவருக்கு யாரும் கொடுப்பதில்லை.

காகிதங்கள்

அறிவிப்புக் கடிதத்துக்கு அச்சடித்த படிவம் உண்டு. கம்பெனியில் தரவில்லை என்று காத்திருக்க வேண்டாம், வெள்ளைத் தாளில் எழுதலாம். மூன்று விஷயம் இருந்தால் போதும்:

“எனக்குப் பிரசவம் எதிர்பார்க்கப்படும் தேதி 10.10.2026. நான் 17.08.2026 முதல் பேறுகால விடுப்பில் இருப்பேன். எனக்குச் சேர வேண்டிய பேறுகாலப் பயனையும் பிற தொகைகளையும் எனக்கோ, நான் நியமிக்கும் என் தாயாருக்கோ வழங்கக் கேட்டுக்கொள்கிறேன். இப்பயனைப் பெறும் காலத்தில் வேறு எந்த நிறுவனத்திலும் வேலை செய்ய மாட்டேன்.”

தாயார் பெயரையும் முகவரியையும் சேர்த்து எழுதுங்கள். டாக்டர் சான்று, முதல் ஸ்கேன் ரிப்போர்ட், ஆர்.சி.எச். எண் (கர்ப்பத்தைப் பதிந்ததும் செவிலியர் தரும் எண்) உள்ள தாய் சேய் நல அட்டை ஆகியவற்றின் நகலை இணையுங்கள். நேரில் கொடுத்தால் இரண்டாம் படியில் முத்திரையும் தேதியும் வாங்க வேண்டும். வாங்க மறுத்தால் ஸ்பீடு போஸ்ட், கூடவே மின்னஞ்சல். வாட்ஸப்பில் சூப்பர்வைசருக்கு அனுப்பிய “சார் லீவு” மட்டும் போதாது, இருந்தாலும் அழிக்க வேண்டாம். பிரசவத்துக்கு முன் அறிவிப்பு கொடுக்க முடியாமல் போனால் பிறந்தபின் சீக்கிரம் கொடுக்கலாம். அறிவிப்பு தாமதம் என்பதற்காக உரிமை போகாது. விண்ணப்பத்தில் சொன்னபடி வேறு இடத்தில் வேலை செய்யாதீர்கள். லீவில் இருக்கும்போது இன்னொரு கடையில் கணக்கெழுதப் போனால் மீதிப் பணத்தை மறுக்க முதலாளிக்குக் காரணம் கிடைத்துவிடும்.

இ.எஸ்.ஐ. வழி போகிறவர்களுக்கு வேறு படிவங்கள்: கர்ப்பச் சான்று 17, எதிர்பார்க்கும் பிரசவத்துக்கும் நடந்த பிரசவத்துக்குமான சான்று 18, பணம் கோரும் விண்ணப்பம் 19. சான்றைத் தருவது உங்கள் பெயர் பதிவாகியிருக்கும் டிஸ்பென்சரி டாக்டர். இதில்தான் தாய்வீட்டு வழக்கம் இடிக்கிறது. டிஸ்பென்சரி மதுரையில், பெண் பரமக்குடியில், பிரசவம் அங்கே ஒரு தனியார் ஆஸ்பத்திரியில். மூன்று மாதம் கழித்துப் பிரசவச் சான்றோடு வந்தால், “உங்கள ஒரு தடவகூட இங்க பாக்கலையே” என்பார்கள். ஊருக்குக் கிளம்புமுன் டிஸ்பென்சரியில் காட்டிக் கர்ப்பச் சான்றை வாங்கிவிட வேண்டும். வெளியில் பிரசவம் நடந்தால் அங்கே டிஸ்சார்ஜ் சம்மரியின் மூலப்பிரதி கிடைக்காமல் கிளம்பக் கூடாது.

அடுத்த இடைஞ்சல் பெயர். இ.எஸ்.ஐ.யில் அப்பா பெயரின் முதலெழுத்து, ஆதாரில் கணவர் பெயர், வங்கியில் முதலெழுத்தே இல்லை. பணம் நேராக வங்கிக்குப் போவதால் மூன்றும் பொருந்தாவிட்டால் விண்ணப்பம் திரும்பி வரும். இதைத் திருத்த வாரக்கணக்கில் ஆகும். ஐந்தாம் மாதத்தில் தொடங்கினால் பதற்றமில்லை. பதிவில் மாற்றம் பெரும்பாலும் முதலாளியின் கணக்கு வழியாகத்தான் போக வேண்டியிருக்கும் என்பதால், வேலையில் இருக்கும்போதே முடிப்பது நல்லது. விண்ணப்பத்தை இப்போது இணையத்திலேயே போடலாம். சந்தேகத்துக்கு இ.எஸ்.ஐ.யின் கட்டணமில்லா எண் 1800-11-2526.

“எழுதிக் குடுத்துட்டுப் போ”

சம்பளத்தைக் குறைப்பதைவிடப் பெரிய ஆபத்து இது. ஆறாம் மாதம் வயிறு தெரிய ஆரம்பித்ததும் மேனேஜர் கூப்பிட்டு, “எதுக்கும்மா அலையிற, ராஜினாமா எழுதிக் குடுத்துட்டுப் போ. புள்ள பெத்துட்டு வா, திரும்பச் சேத்துக்கிறோம்” என்று அன்பாகப் பேசுவார். அந்த ஒரு தாளில் 26 வாரச் சம்பளமும், அதுவரையிலான சர்வீசும், கிராஜுவிட்டி என்ற பணிக்கொடையும் போய்விடும். 2018 முதல் 26 வாரம் வரையிலான பேறுகால விடுப்பு கிராஜுவிட்டிக்குத் தொடர்ச்சியான பணியாகவே எண்ணப்படுகிறது. ராஜினாமா அதையும் வெட்டிவிடும். கையெழுத்து வேண்டாம். “வீட்ல கேட்டுச் சொல்றேன் சார்” என்று வந்துவிடுவதே போதும். அவர்கள் விரும்பாத பதிலாக இருந்தாலும் மறுக்க முடியாத பதில்.

விடுப்புக் காலத்தில் வேலையிலிருந்து நீக்குவதும், நீக்கும் தேதி அதற்குள் வரும்படி நோட்டீஸ் கொடுப்பதும், வேலை நிபந்தனைகளைப் பாதகமாக மாற்றுவதும் சட்டவிரோதம். கர்ப்பமான பெண்ணை நீக்கினாலும், நீக்காமல் இருந்திருந்தால் கிடைத்திருக்கும் பேறுகாலப் பயனை மறுக்க முடியாது. விலக்கு ஒன்றுதான், விதிகளில் சொன்ன கடும் ஒழுங்கீனம். அப்போதும் எழுத்தில் உத்தரவு தர வேண்டும். நீக்கினால் 60 நாளுக்குள் மேல்முறையீடு செய்ய வேண்டும். பச்சைப் பிள்ளையோடு இருக்கும்போது 60 நாள் எப்படிப் போகிறது என்று தெரியாது. ஆகவே உத்தரவு வந்த தேதியைக் காலண்டரில் வீட்டார் குறித்து வைக்க வேண்டும்.

“நீ தினக்கூலி, உனக்கு ஏது லீவு” என்பதற்கும் பதில் இருக்கிறது. டெல்லி மாநகராட்சியின் மஸ்டர் ரோல் பெண்கள் வழக்கில் 2000 மார்ச் 8 அன்று, தினக்கூலிப் பெண்களுக்கும் பேறுகாலப் பயன் உண்டு என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. ஒப்பந்தம் லீவின் நடுவில் முடிகிறதே என்பவர்களுக்கு 2023 ஆகஸ்டில் கவிதா யாதவ் வழக்கின் தீர்ப்பு: தகுதி வந்தபின் ஒப்பந்தம் முடிந்தாலும் முழுக் காலத்துக்கும் பயன் உண்டு. பதினொரு மாதத்துக்கு ஒருமுறை ‘பிரேக்’ கொடுத்துச் சேர்க்கும் தனியார் கல்லூரிகளிலும் ஆஸ்பத்திரிகளிலும் வேலை பார்ப்பவர்கள் இந்தப் பெயரை மனப்பாடம் செய்யலாம்.

அரசு ஊழியர்கள் விஷயம் தனி. தமிழ்நாடு அரசில் 2021 ஜூலை 1 முதல் 12 மாதம். இரண்டு குழந்தை வரம்பைக் காட்டி ஓர் அரசுப் பள்ளி ஆசிரியைக்கு மறுத்ததை எதிர்த்த உமாதேவி வழக்கில், 2025 மே 23 அன்று உச்ச நீதிமன்றம் பேறுகால விடுப்பு பெண்ணின் இனப்பெருக்க உரிமையின் பகுதி என்று சொல்லி விடுப்பை வழங்கச் செய்தது. அரசு தன் ஊழியருக்கு ஓராண்டு கொடுக்கிறது, ஜவுளிக்கடைப் பெண் ஆறு மாதத்துக்கே கெஞ்ச வேண்டியிருக்கிறது. இந்த இடைவெளிக்கு ஒரு காரணம், இ.எஸ்.ஐ.க்கு வெளியே முழுச் செலவும் தனி முதலாளி தலையில் விழுவதுதான் என்பது என் கருத்து. கல்யாணமான பெண்ணை வேலைக்கே எடுக்காமல் தவிர்ப்பது அங்கிருந்துதான் வருகிறது.

நிற்கும் வேலை

விளக்குத்தூண் சுற்றி உள்ள கடைகளில் சேலை விரித்துக் காட்டும் பெண்கள் காலையிலிருந்து இரவுவரை நிற்கிறார்கள். தமிழ்நாடு 2021இல் கடைகள் சட்டத்தைத் திருத்தி, எல்லா ஊழியருக்கும் உட்கார இருக்கை தர வேண்டும் என்று ஆக்கியது. கர்ப்பிணிக்கு அதற்கு மேலும் உண்டு. எதிர்பார்க்கும் தேதிக்கு முந்தைய ஆறு வாரம், அதற்கும் முந்தைய ஒரு மாதம், ஆகக் கடைசிப் பத்து வாரம் போல, அவர் கேட்டால் நெடுநேரம் நிற்கும் வேலையோ கடினமான வேலையோ தரக் கூடாது. பில் போடும் இடத்துக்கோ பேக்கிங்குக்கோ மாற்றலாம், ஆனால் அதற்காகச் சம்பளத்தில் ஒரு ரூபாய் குறைக்கக் கூடாது. “கேட்டால்” என்பதைக் கவனியுங்கள். இதையும் எழுத்தில் கேட்க வேண்டும்.

திரும்ப வந்தபின், குழந்தைக்குப் பதினைந்து மாதம் ஆகும்வரை வழக்கமான இடைவேளை போக நாளுக்கு இரண்டு முறை பாலூட்டும் இடைவேளை. ஐம்பது பேரோ அதற்கு மேலோ இருந்தால் குழந்தைகள் காப்பகம், அங்கே நாளுக்கு நாலு முறை போய்வர அனுமதி. மதுரையில் ஐம்பது பேருக்கு மேல் வேலை செய்யும் கடை எத்தனை, காப்பகம் உள்ள கடை எத்தனை என்று நடந்து பார்த்தாலே தெரியும். தனியாக ஒருத்தி கேட்டு நடக்கும் காரியம் அல்ல இது. நாலைந்து பேர் சேர்ந்து கையெழுத்துப் போட்டுக் கேட்க வேண்டியது.

பத்துப் பேருக்குக் குறைவான கடையிலும் வீட்டு வேலையிலும் இருப்பவர்களுக்கு மேலே சொன்ன பேறுகாலப் பயன்கள் எட்டாது. ஏழைக் குடும்பமாக இருந்தால் முதல் இரண்டு பிரசவத்துக்கு டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவி 18,000 ரூபாய்: 14,000 தவணைகளில் வங்கிக்கு, 4,000 ஊட்டச்சத்துப் பெட்டகங்களாக. இதற்குக் கிராம சுகாதார செவிலியரிடம் சீக்கிரமே பதிந்து ஆர்.சி.எச். எண் வாங்க வேண்டும். பின்னால் பிறப்புச் சான்றிதழுக்கும் அந்த எண்ணைத்தான் கேட்பார்கள். அமைப்புசாராத் தொழிலாளர் நல வாரியங்களில் பதிவு செய்தவர்களுக்கு அங்கே தனி உதவித்தொகை உண்டு. அட்டை புதுப்பிக்கப்பட்டிருக்க வேண்டும் என்பதுதான் நிபந்தனையில் பலர் தவறும் இடம்.

பணம் வரவில்லை என்றால்

கடை, நிறுவனம் என்றால் தொழிலாளர் துறையின் மாவட்ட அலுவலகம். மில், தொழிற்சாலை என்றால் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்தின் அலுவலகம். இரண்டுமே மதுரையில் இருக்கின்றன. மனு தப்பான மேசைக்குப் போனால் மாதம் ஒன்று வீணாகும், அதனால் எது உங்களுடையது என்று முதலில் கேட்டுவிடுங்கள். ஆய்வாளர் விசாரித்துப் பணம் கொடுக்க உத்தரவிடலாம். அதில் திருப்தி இல்லாதவர் 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். முதலாளிக்கும் அதே 30 நாள்தான்.

மனுவில் கதை வேண்டாம். சேர்ந்த தேதி, சம்பளம், டாக்டர் குடுத்த தேதி, அறிவிப்புக் கொடுத்த தேதி, குழந்தை பிறந்த தேதி, வர வேண்டிய தொகை, வந்த தொகை ஆகிய ஏழு வரி போதும். பின்னால் நகல்கள். வக்கீலுக்குக் காசில்லை என்று நிற்க வேண்டாம். மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவில், வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் எல்லாப் பெண்களுக்கும் இலவசமாக வக்கீல் வைத்துத் தருகிறார்கள். தொலைபேசி 15100. போகும்போது அறிவிப்புக் கடிதத்தின் முத்திரை போட்ட படி, கடைசி நாலு மாதச் சம்பளச் சீட்டு அல்லது வங்கிப் புத்தகம், டிஸ்சார்ஜ் சம்மரி, பிறப்புச் சான்றிதழ், கம்பெனி கொடுத்த அடையாள அட்டை ஆகியவற்றில் இரண்டிரண்டு நகல் எடுத்துப் போங்கள். மூலப்பிரதியை எந்த ஆபீசிலும் கொடுத்துவிட்டு வராதீர்கள்.